மனச்சோர்வில் உடற்பயிற்சி: தொடங்குவது முதல் தொடர்வது வரை முழுமையான வழிகாட்டி

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவரிடம் மருத்துவர், உறவினர், நண்பர் என எல்லோரும் "தினமும் கொஞ்சம் நடங்க" என்று ஒரு வரி சொல்லி முடித்துவிடுகிறார்கள். எப்போது, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை யாரும் சொல்வதில்லை. படுக்கையிலிருந்து எழுவதே பெரும்பாடாக இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதாது. அதைச் செய்ய முடியாமல் போகும்போது, "இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே" என்ற குற்ற உணர்வு ஏற்கெனவே உள்ள பாரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

எங்கள் பகுதிப் பூங்காவில் இத்தகையவர்களோடு சேர்ந்து நடந்தும், புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறி நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தும் இந்த வரிசையை எழுதுகிறேன். பயிற்சி கடினமாக இருப்பதால் நிற்பவர்கள் குறைவு. ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால் நிற்பவர்களே அதிகம். லேசான அல்லது நடுத்தரமான மனச்சோர்வு உள்ளவர்களுக்காக இது எழுதப்பட்டது. சாப்பிடவும் குளிக்கவும் முடியாத நிலையிலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடோ இருப்பவருக்கு இப்போது தேவை உடனடிச் சிகிச்சை. மனநல உதவி எண்களான இந்தியாவின் டெலி மானஸ் 14416, இலங்கையின் 1926 ஆகியவற்றில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

1. மருத்துவரைப் பார்த்த பிறகு தொடங்குங்கள்

சோர்வு, ஆர்வமின்மை, தூக்கக் கோளாறு ஆகியவை தைராய்டு சுரப்புக் குறைவிலும், இரத்தசோகையிலும், வைட்டமின் பி12 குறைபாட்டிலும் வரும். ஹீமோகுளோபின் மிகவும் குறைந்த ஒரு பெண் நடக்கத் தொடங்கினால் சற்று தூரத்திலேயே மூச்சு வாங்கும். அதைத் தன் மனத்தின் பலவீனம் என்று எண்ணிப் பயிற்சியைக் கைவிட்டுவிடுவார். ஆகவே இந்த இரத்தப் பரிசோதனைகளையும் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துச் சென்று, உடற்பயிற்சி தொடங்கப்போவதாகச் சொல்லிக் கேளுங்கள். லித்தியம் எடுத்துக்கொள்பவர் வியர்த்துக் கொட்டி நீரிழப்புக்கு ஆளானால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளில், சட்டென்று எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். படபடப்புக்காகத் தரப்படும் புரொப்ரனலால் இதயத் துடிப்பை ஏறவிடாது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணைப் பார்த்துப் பயிற்சியின் கடுமையை அளக்க முடியாது.

முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு நாள்கணக்கில் இருந்ததுண்டு என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை முறையே வேறு. அண்மையில் பிரசவமானவர்கள், குறிப்பாக அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்றவர்கள், எந்த அசைவுகளை எப்போது தொடங்கலாம் என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் தவறு, நடக்கத் தொடங்கிய உடனே மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது. பயிற்சி கைகொடுக்கத் தொடங்கும் முன்பே மருந்தின் பலன் போய்விடும். திடீரென நிறுத்துவதால் வரும் தலைசுற்றலும் எரிச்சலும் "நடந்ததால்தான் மோசமாகிவிட்டது" என்ற தவறான முடிவுக்கும் கொண்டுபோய்விடும்.

2. இன்றைய நிலையை எழுதி வையுங்கள்

மனச்சோர்வு நினைவையும் வளைத்துவிடும். ஒரு மாதம் நடந்தவரிடம் கேட்டால், "ஒன்றும் மாறவில்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரவில் அழுவது குறைந்திருக்கும், சாப்பாடு இறங்கியிருக்கும். அவருக்கு அவை நினைவில் இருக்காது. அதனால் தொடங்கும் முன்பே ஓர் அளவீடு தேவை.

மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் உள்ளது. கடந்த இரண்டு வாரங்களை மனத்தில் கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும், மொத்தம் 27. ஐந்து முதல் ஒன்பது வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை ஓரளவு கடுமை, 20 முதல் கடுமை என்று கொள்ளப்படுகிறது. ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பதில் 0 என்பதைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாகவே இருந்தாலும், மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இத்துடன் ஒரு சிறு நோட்டும் பேனாவும் வாங்கி வையுங்கள். கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பத்தாயிரம் காலடி என்று முன்கூட்டியே வைக்கப்பட்ட இலக்கைப் பார்த்துவிட்டு, தன்னுடைய முந்நூறு காலடியைக் காண்பது புதியவரைத் தளரச் செய்கிறது.

3. நாளின் எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் நடைப்பயிற்சி என்றாலே விடியற்காலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் பலருக்கு நாளிலேயே மிக மோசமான பொழுது காலைதான். விடியும் முன்பே விழிப்பு வந்து, நெஞ்சு கனத்து, எழ மனமில்லாமல் கிடப்பார்கள். மாலை ஆக ஆகச் சற்றுத் தெளிவார்கள். தூக்கம் தரும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் காலை மயக்கமும் சேர்ந்துகொள்ளும். இவர்களை ஐந்தரை மணிக்கு எழுப்பிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது, மிகக் கடினமான வேளையில் மிகக் கடினமான வேலையைக் கொடுப்பதாகும்.

ஆகவே மூன்று நாள் உங்களையே கவனித்து, எந்த நேரத்தில் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் நேரம். மாலை ஐந்தரை என்றால் ஐந்தரையே. நிலைமை தேறிய பிறகு காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். காலை வெளிச்சம் தூக்க ஒழுங்குக்கு உதவும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை வெளியே நடப்பதை விட்டுவிட வேண்டும். பல மனநல மருந்துகள் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைப்பவை.

நேரத்தை மணிக்கணக்கில் வைப்பதைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுவது நல்லது. "மாலை டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பு மாட்டுவேன்" என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முடிவெடுக்கும் ஆற்றல் இந்த நோயில் மிகவும் குறைந்துபோகிறது. டம்ளரைக் கழுவியதும் கால் தானாக வாசலுக்குப் போகும் என்றால், அன்றைக்கு முடிவு என்று ஒன்றை எடுக்கவே வேண்டியதில்லை.

4. தடைகளை முன்கூட்டியே அகற்றுங்கள்

வெளியே போவதற்கு முன்னால் உள்ள ஒவ்வொரு சிறு வேலையும் திரும்பிப் படுத்துக்கொள்ள ஒரு காரணமாகிவிடும். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு நைட்டியிலிருந்து சுடிதாருக்கு மாறுவதே பெரிய மதிலாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் மதியம் குளித்ததும் வெளியே போகும் உடையையே அணிந்துவிடுங்கள். அல்லது முதல் இரண்டு வாரங்கள் மொட்டைமாடியிலேயே நடங்கள்.

காலணி, வீட்டுச் சாவி, தண்ணீர்ப் பாட்டில் மூன்றும் கதவருகே ஒரே இடத்தில் இருக்கட்டும். விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் உள்ள செருப்பு போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும்.

மழை, தெருநாய்கள், "என்னப்பா ஆளையே காணோம்?" என்று நிறுத்திக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்றுக்கும் மாற்று வழியை இப்போதே யோசித்து வையுங்கள். மழைக்கு வீட்டுக் கூடம். நாய்களுக்கு வேறு தெரு. விசாரிப்பவருக்கு, "கொஞ்சம் உடம்பு சரியில்லை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்" என்ற ஒரே பதில். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

5. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் மட்டும்

இந்த வழிகாட்டியில் மிகவும் மீறப்படுவதும், மீறியவர்களை மிகவும் வருத்துவதும் இந்தப் படிதான். எனவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நேரம் வந்ததும் கால்களைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். எழுந்து செருப்பு மாட்டுங்கள். கதவைத் திறந்து வாசலுக்கு வாருங்கள். தெருமுனை வரை சாதாரணமாக நடந்து, திரும்பி வாருங்கள். அவ்வளவுதான். வேகம் வேண்டாம், கை வீச்சு வேண்டாம், நல்ல எண்ணங்களை வரவழைக்கும் முயற்சியும் வேண்டாம். வாசல் வரை வந்துவிட்டு, மேலே முடியாமல் திரும்பிவிட்டால் அதுவும் அன்றைய கணக்கில் சேரும். அந்நேரத்துக்கு எழுந்து கதவைத் திறப்பதைத்தான் இந்த இரண்டு வாரத்தில் பழக்குகிறோம். நெஞ்சுக்கும் தசைக்கும் வேலை பின்னால் வரும்.

"மனசு வந்தால் போகலாம்" என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வில் முதலில் வறண்டுபோவதே அந்த விருப்பம்தான். செயல் முன்னே போகும், விருப்பம் மெல்லப் பின்னால் வரும் என்ற இந்த வரிசையை அடிப்படையாகக் கொண்டே செயலூக்கச் சிகிச்சை என்னும் உளவியல் சிகிச்சை முறை அமைந்திருக்கிறது. விருப்பமே இல்லாமல், முகத்தைக் கூடக் கழுவாமல் நடந்துவிட்டு வந்தாலும் அந்த நடை உடலுக்கு நடைதான்.

நல்ல நாள் ஒன்று வரும்போதுதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மனம் சற்றுத் தெளிந்திருக்கும். அந்த உற்சாகத்தில் முக்கால் மணி நேரம் நடந்துவிடுவார்கள். மறுநாள் கால்வலி, அதற்கு மறுநாள் படுக்கை, அதன்பின் "நேற்று முடிந்தது இன்று முடியவில்லையே" என்ற ஒப்பீடு. ஆகவே எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். இது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகத் தோன்றலாம். ஆனால் தொடர்ச்சியைக் காப்பாற்றித் தருவது இந்தக் கட்டுப்பாடுதான்.

நடப்பதற்கு முன் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண்ணும், நடந்து வந்ததும் ஓர் எண்ணும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்றாகும்; சில நாள் இரண்டு இரண்டாகவே இருக்கும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது, நடந்து முடித்த கையோடு மனம் எப்படி இருக்கிறது என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சான்று இருக்கும்.

6. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகத்தை

மூன்றாவது வாரம் பத்து நிமிடம், அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்று கூட்டினால் ஏழாவது வாரத்தில் முப்பது நிமிடம் வந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவும் அதுவே. ஒரு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தவறியிருந்தால் அடுத்த வாரம் கூட்ட வேண்டாம். அதே அளவில் நின்றுகொள்ளுங்கள்.

முப்பது நிமிடம் நிலைபெற்ற பிறகுதான் வேகம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகத்துக்கு எளிய அளவுகோல். நடுவில் இரண்டு நிமிடம் விரைந்து நடந்து, இரண்டு நிமிடம் தளர்ந்து நடப்பது பழகுவதற்கு உதவும். 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 218 ஆய்வுகளை, அதாவது 14,170 பேரின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வெளியானது. நடை அல்லது மெல்லோட்டம், யோகாசனம், தசைப் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தருவதாகவும், பயிற்சியின் கடுமை கூடும்போது பலனும் கூடுவதாகவும் அது கண்டது. அந்த ஆய்வுகள் பலவற்றின் தரத்தில் குறைகள் உண்டு என்பதையும் கட்டுரையாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் தெருமுனை நடையோடு நின்றுவிடாமல் மேலே போக வேண்டும் என்பதற்கு அது போதுமான காரணம்.

பதற்றமும் சேர்ந்து உள்ளவர்களுக்கு, வேகம் கூடி இதயம் படபடக்கும்போது பயம் வந்துவிடும். நடையை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்து, மூச்சை மெல்ல வெளிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் துடிப்பு இறங்குவதை நீங்களே உணர்வீர்கள். நெஞ்சில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவை வேறு வகை. அப்போது உடனே உட்கார்ந்து, உதவிக்கு ஆளை அழைக்க வேண்டும்.

பூங்காக்களில் உள்ள எட்டு வடிவப் பாதையில் நடப்பதில் தவறில்லை. ஆனால் மயக்கம் தரும் மருந்து எடுப்பவர்களுக்கு அடிக்கடி திரும்புவதால் தலை சுற்றக்கூடும் என்பதால், முதலில் நேர்ப்பாதையே போதும்.

7. நான்காவது வாரத்திலிருந்து தசைப் பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள், நடந்து வந்தபின் பத்து நிமிடம் போதும். முன்சொன்ன தொகுப்பாய்வில் பாதியில் விட்டுவிடாமல் தொடர்ந்தவர்கள் அதிகமாக இருந்தது தசைப் பயிற்சியிலும் யோகாசனத்திலும்தான். வீட்டுக்குள்ளேயே செய்யலாம், யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை, எண்ணிக்கை கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது என்பவை அதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்பது என் கருத்து.

கைப்பிடி இல்லாத கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, எட்டு முறை எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். தொடையில் வலு சேர்வது அந்த இறக்கத்தில்தான். அடுத்து, சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி முழங்கையை மடக்கி நீட்டுங்கள், எட்டு முறை. கடைசியாக, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். எந்த அசைவிலும் மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஏறும்.

யோகாசனம் தெரிந்தவர்கள் தசைப் பயிற்சிக்குப் பதிலாக அதைச் செய்யலாம். ஆனால் கண்ணை மூடி நெடுநேரம் உட்காரும் தியானத்தைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். ஓயாமல் சுழலும் எண்ணங்களோடு தனியே உட்காரவைத்ததுபோல் சிலருக்கு அது ஆகிவிடுகிறது.

8. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

"சும்மா படுத்தே கிடக்குற, எழுந்து போய் நடந்துட்டு வாயேன்" என்ற பேச்சு அக்கறையில் பிறந்தாலும் குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது. அதே தாய், "கடைக்குப் போறேன்ப்பா, தெருமுனை வரைக்கும் கூட வா, பையைப் பிடிச்சுக்க" என்று சொன்னால், மறுப்பதற்கு எதுவும் இல்லாத சிறிய வேலையாகிவிடுகிறது. போகும் வழியில் அறிவுரையோ, வேலையைப் பற்றிய கேள்வியோ, கல்யாணப் பேச்சோ வேண்டாம். பேசாமல் கூட நடந்தாலே போதும்.

ஒரு நாள் வர மறுத்தால், "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே நேரத்தில் அழைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மூன்று முறை மறுத்தபின் அழைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் தொடங்கும் பொறுப்பு முழுவதும் நோயாளியின் மேல் வந்து விழுகிறது.

வீட்டில் துணை இல்லாதவர்கள், ஒரு நண்பரிடம் நடந்து முடித்ததும் ஒரு செய்தி அனுப்புவதாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டுதலிலும், லேசான நிலையில் உள்ளவர்களுக்குக் குழுவாகச் செய்யும் உடற்பயிற்சி ஒரு சிகிச்சையாகவே இடம்பெற்றிருக்கிறது.

9. விட்டுப்போன நாட்களுக்கு முன்பே ஒரு விதி

காய்ச்சல், மாதவிடாய், உறவினர் வருகை, காரணமே இல்லாத இருண்ட நாட்கள் என்று இடைவெளி விழத்தான் செய்யும். ஒரு வாரத்துக்குள் விட்டுப்போயிருந்தால் பாதி நேரத்தில் தொடங்குங்கள். அதற்கு மேல் என்றால் மீண்டும் ஐந்து நிமிடத்துக்கே போய்விடுங்கள். விட்டதைச் சேர்த்துச் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள். இந்த விதியை நன்றாக இருக்கும் நாளிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மோசமான நாளில் உங்களுக்கு நீங்களே இவ்வளவு கனிவாக விதி வகுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

10. எட்டாவது வாரத்தில் மறுபடி அளந்து பாருங்கள்

பிஎச்க்யூ-9 படிவத்தை மீண்டும் நிரப்புங்கள். ஐந்து மதிப்பெண்ணாவது குறைந்திருந்தால் அதைக் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். குறையவில்லை என்றால் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன், நோட்டைப் பார்த்து உண்மையில் எத்தனை நாள் நடந்தது என்று எண்ணுங்கள். நாட்கள் சரியாக இருந்தும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால், நோட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்தோ, மனநல ஆலோசனையோ, அளவு மாற்றமோ தேவைப்படலாம். அது உங்கள் முயற்சியின் குறையாகாது.

பொறுமைக்கு ஒரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வில், 16 வாரத்தின் முடிவில் உடற்பயிற்சி செய்தவர்களும் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் தொடக்க வாரங்களில் மாத்திரை எடுத்தவர்களே விரைவாகத் தேறினார்கள். எட்டு வாரத்தில் பாதி தூரம்தான் வந்திருக்கிறீர்கள்.

11. தேறிய பிறகு

இரவில் தூக்கம் வருகிறது, பசிக்கிறது, வேலைக்குத் திரும்பியாயிற்று என்றதும் முதலில் நின்றுபோவது நடைதான்; நேரமில்லை என்பார்கள். டியூக் ஆய்வில் பங்கேற்றவர்களை, ஆய்வு தொடங்கிப் பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது, தாமாகப் பயிற்சியைத் தொடர்ந்தவர்களிடம் நோய் திரும்பியிருந்தது குறைவு. எனவே முப்பது நிமிடம் முடியாத வேலை நாட்களில் ஐந்து நிமிடத்தையாவது அதே நேரத்தில், அதே டம்ளரைக் கழுவி வைத்தபின் நடந்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை, தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அந்தப் படிவத்தை நிரப்புங்கள். மதிப்பெண் 10-ஐத் தொட்டாலோ, முந்தைய மாதத்தைவிட ஐந்து கூடினாலோ, அந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். நடை நேரத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கிக்கொண்டு, விடாமல் தொடருங்கள்.